குரலுக்கும் உயிருக்கும் நடுவே

1873ஆம் ஆண்டின் கடைசி நாளில், வியன்னாவில் தியோடோர் பில்ராத் என்னும் அறுவை மருத்துவர் புற்றுநோய் கண்ட ஒருவரின் குரல்வளையை முழுவதுமாக அகற்றினார். அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக, முற்றிய குரல்வளைப் புற்று என்றால் மருத்துவம் நோயாளியிடம் வைத்த பேரம் பெரும்பாலும் ஒன்றே: குரலைக் கொடு, உயிரைத் தருகிறேன். வகுப்பறையில் நாவால் பிழைக்கும் என்போன்றோருக்கு இப்பேரத்தின் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்குக் கதிர்வீச்சையும் மருந்துகளையும் ஒன்றுசேர்த்த வரலாற்றை, இந்தப் பேரத்தை முறிக்க நடந்த முயற்சியாகவே நான் வாசிக்கிறேன்.

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். ஆனால் ஒரே மூச்சில் பாய்ச்சிய கதிர் புற்றோடு தோலையும் கருக்கியது. வழி காட்டியது ஓர் எளிய சோதனை. பாரிஸ் ரேடியம் நிலையத்தில் குளோத் ரெகோ செம்மறிக் கடாக்களின் விரைகளில் கதிரைச் செலுத்திப் பார்த்தார். ஒரே தவணையில் தோல் சிதைந்தது. பல நாள்களாகப் பிரித்துக் கொடுத்தபோது விந்து உற்பத்தி நின்றது, தோலோ பிழைத்தது. அவருடன் பணியாற்றிய ஹென்றி கூத்தார் இதைக் குரல்வளைப் புற்றில் கையாண்டு, குணமடைந்தோரைப் பற்றி 1922இல் பாரிஸ் மாநாட்டில் அறிவித்தார். இன்றும் வாரக்கணக்கில் தவணை தவணையாகக் கதிர் தரப்படுவது அந்த மரபில்தான்.

அடுத்த கண்டுபிடிப்பு தற்செயல். 1965இல் அமெரிக்கர் பார்னெட் ரோசன்பர்க், மின்புலத்தில் பாக்டீரியா எவ்வாறு பெருகுகிறது என்று பார்க்கப் பிளாட்டினக் கம்பிகளைப் பயன்படுத்தினார். பாக்டீரியா பிளவுபடாமல் நூல்போல் நீண்டது. காரணம் மின்சாரமன்று, கரைந்த பிளாட்டினம். இப்படிப் பிறந்த சிஸ்பிளாட்டின் செல்லின் மரபுப் பொருளைப் பிணைத்து, கதிரால் விளைந்த சேதத்தை அது சரிசெய்துகொள்ள விடாமல் தடுக்கிறது. கீமோதெரபியைக் கதிர்வீச்சோடு ஒரே சமயத்தில் தருவதன் நியாயம் இதுவே.

இவ்விடத்தில் நம் ஊரையும் சொல்ல வேண்டும். 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு, புகையிலை மென்று வாய்ப்புற்று கண்டவர்கள் திரளாக வந்தனர். அங்கே எஸ். கிருஷ்ணமூர்த்தியும் வி. சாந்தாவும் எழுபதுகளிலேயே பிளியோமைசின் என்னும் மருந்தைக் கதிர்வீச்சுடன் சேர்த்துச் சோதித்து முடிவுகளை வெளியிட்டனர். என் கண்ணில் பட்ட மேலைநாட்டு வரலாறுகளில் இப்பெயர்களுக்கு உரிய இடமில்லை என்பது என் மனக்குறை.

பேரம் உண்மையில் முறிந்தது 1991இல். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் குரல்வளைப் புற்று முற்றிய 332 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறுவையும் கதிரும்; மறுபிரிவுக்கு முதலில் மருந்து, பிறகு கதிர். ஈராண்டு முடிவில் இரு பிரிவிலும் உயிரோடிருந்தோர் 68 விழுக்காடு. மருந்துப் பிரிவில் 64 விழுக்காட்டினருக்குக் குரல்வளையும் எஞ்சியது. 2003இல் வெளியான மற்றோர் ஆய்வு, இரண்டையும் ஒரே சமயத்தில் தந்தால் 88 விழுக்காட்டினருக்குக் குரல்வளையைக் காக்கலாம் என்றது. விலையும் சிறிதன்று: வெந்த வாய், வற்றிய உமிழ்நீர், விழுங்க முடியாத உணவு.

பிறகு வந்தவை இலக்கு மருந்துகள். எபிடெர்மல் வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ஸ்டான்லி கோகன் 1986இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். அக்காரணியை ஏற்கும் வாயில்கள் இப்புற்றுச் செல்களின் மேல் மிகுந்திருந்தன. வாயிலை அடைக்கும் செட்டுக்ஸிமாப் மருந்தைக் கதிரோடு சேர்த்தபோது நடுமட்ட ஆயுள் 29.3 மாதத்திலிருந்து 49 மாதமாக உயர்ந்தது என்று 2006இல் 424 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது.

அப்படியானால் மூன்றையும் சேர்த்தால்? எல்லோருக்கும் தோன்றியது இதுதான். 2014இல் வெளியான பெரிய ஆய்வின் விடை: பயனில்லை, பக்கவிளைவு மட்டும் கூடிற்று. ஆனால் 2019இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, கியூபாவில் உருவான நிமோடுசுமாபை அதே கூட்டில் 536 பேரிடம் சோதித்தது. ஈராண்டு வரை நோய் முற்றாதிருந்தோர் 50.1 விழுக்காட்டிலிருந்து 61.8 ஆயினர், ஆயுள் கூடியதாக உறுதிப்படவில்லை. ஒரே வாயிலை அடைக்கும் இரு மருந்துகள், இரு விடைகள்.

சிறுநீரகமோ செவியோ பழுதுற்று, சிஸ்பிளாட்டினைத் தாங்க முடியாதவர்களுக்கு அதே மருத்துவமனை 2023இல் வேறொரு விடை தந்தது. கதிரோடு சேர்ந்த டோசிடாக்ஸல், ஈராண்டு உயிர்வாழ்வை 41.7 விழுக்காட்டிலிருந்து 50.8ஆக உயர்த்தியது. அது புதிய இலக்கு மருந்தன்று. வேறு புற்றுகளுக்கு நெடுங்காலமாகத் தரப்பட்டு வரும் பழைய கீமோ மருந்து.