தறியும் மக்கமும்: வேங்கடகிரி நெசவுச் சொற்களும் மொழிபெயர்ப்பும்

2022 ஏப்ரல் 4ஆம் நாள் ஆந்திரப் பிரதேச மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது, அதுவரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த வேங்கடகிரியும் சித்தூர் மாவட்டத்தில் இருந்த காளத்தியும் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் ஒன்றுசேர்ந்தன. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாகக் கூறும் வேங்கட மலையைச் சார்ந்த இவ்விரண்டு ஊர்களும் துணிக்குப் பெயர்பெற்றவை. காளத்தியில் துணியின்மேல் எழுதுகோலால் ஓவியம் தீட்டுகின்றனர். வேங்கடகிரியில் தறியிலேயே பூ நெய்கின்றனர். முன்னதைக் கலம்காரி என்றும் பின்னதை ஜாம்தானி என்றும் சந்தை அறியும். இரண்டும் பாரசீகச் சொற்கள். உள்ளூர்த் தெலுங்கில் முன்னதற்கு 'வ்ராதபனி', அதாவது எழுத்துவேலை, என்ற பெயர் உண்டு. 'கலம்காரி' என்பதும் எழுதுகோல் வேலை என்றே பொருள்படுவதால் இரு பெயர்களும் ஏறத்தாழ ஒன்றை ஒன்று மொழிபெயர்த்து நிற்கின்றன. ஜாம்தானியின் நிலை இவ்வளவு எளிதன்று.

ஜாம்தானி என்னும் சொல்லுக்குப் பூக்கலம் என்றும் ஆடைப்பேழை என்றும் இருவகை விளக்கம் கூறுவர். எதை ஏற்பினும் அச்சொல் நெசவுமுறையைப் பற்றி ஒன்றும் தெரிவிப்பதில்லை. வங்காளத்து மெல்லிய மஸ்லின் துணியோடு முகலாயர் காலத்தில் பரவிய இப்பெயர், வங்கதேச நெசவுக்கலையின் பெயராக 2013இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது. வெலுகோடி அரசர்களின் ஆதரவில் வளர்ந்த வேங்கடகிரி நெசவு, நூறாம் எண் போன்ற மிக நுண்ணிய பருத்தி நூலுக்குப் பெயர்போனது. அங்கு ஜாம்தானி எனப்படும் சேலையில், துணியின் முழு அகலத்துக்கும் ஓடும் ஊடையை நெய்தபின், பூ அமைய வேண்டிய இடத்தில் மட்டும் வேறொரு வண்ண இழையையோ சரிகையையோ நெசவாளர் விரலால் பாவிழைகளுக்கிடையே செலுத்துகிறார். அவ்விழை பூவின் விளிம்போடு நின்று திரும்பும்; துணியின் மறு ஓரம் வரை செல்லாது. ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனிச் சிறு நூற்கண்டு வேண்டும். நெசவாளர் இப்பூவைப் 'புட்டா' என்கின்றனர். இதுவும் வடக்கிலிருந்து வந்த சொல்லே எனினும் காஞ்சிபுரத்திலிருந்து வேங்கடகிரிவரை தறியடியில் அன்றாடம் வழங்குவது.

இதே வேலையை உலகின் மறுபுறத்தில் குவாத்தமாலாவின் மாயா இனப் பெண்கள் இடுப்புத் தறியில் செய்கின்றனர். அத்தறிக்குச் சட்டம் கிடையாது. பாவின் ஒரு முனை மரத்திலோ வீட்டுத் தூணிலோ கட்டப்பட்டிருக்கும். மறுமுனை நெய்பவரின் இடுப்பைச் சுற்றி முதுகுப்புறம் செல்லும் பட்டையில் பிணைக்கப்பட்டிருக்கும். அவர் பின்னே சாய்ந்தால் பாவு விறைக்கும். முன்னே குனிந்தால் தளரும். நம் நாட்டில் நாகர், மிசோ முதலிய வடகிழக்கு மக்களின் தறியும் இவ்வகையினதே. மாயாப் பெண்கள் தம் மேலாடையில் பறவை, விலங்கு, சாய்சதுரம் முதலிய வடிவங்களை விரலாலும் சிறு குச்சியாலும் இழை செருகி அமைக்கின்றனர். இழையை இடையில் திருப்பும் அந்த நுட்பம் வேங்கடகிரி நுட்பமே. ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த மிதிதறி பெரும்பாலும் ஆடவர் கைக்குச் சென்றது. இடுப்புத் தறி பெண்களிடமே நின்றது.

அம்மேலாடையை உலகம் 'உய்பில்' என்னும் பெயரால் அறிகிறது. இது மாயா மொழிச் சொல் அன்று. மெக்சிகோவின் நாவாட்டில் மொழியிலிருந்து ஸ்பானியம் வழியே பரவியது. கக்சிக்கேல், கிச்சே முதலிய மாயா மொழிகளைப் பேசுவோர் அதனைப் 'போட்' என்பர். நெய்பவர் ஒரு பெயர் சொல்ல, விற்பவர் வேறு பெயர் சொல்லும் இந்நிலையே வேங்கடகிரியிலும் காணப்படுகிறது. மொழிபெயர்ப்பாளர் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் விற்பவர் சொல்லே என்பதுதான் சிக்கல்.

இந்நெசவு பற்றிய ஆங்கில நூல்களைத் தமிழாக்குவோர் 'புரோக்கேடு' என்னும் சொல்லை எதிர்கொள்ளும்போது அகராதி காட்டும் 'சரிகைப் பட்டு' என்பதையே எடுத்தாளுகின்றனர். மாயா ஆடையில் பட்டு இருக்கவேண்டியதில்லை. சரிகை பெரும்பாலும் இல்லை. அது பருத்தியின்மேல் பருத்தி. 'பூத்தையல்' என்னும் மாற்றும் பிழைபடும். பூத்தையல் நெய்து முடிந்த துணியின்மேல் ஊசியால் செய்வது. இதுவோ துணி பிறக்கும்போதே அதனுடன் பிறப்பது. மேலும் இப்பிழை பொருட்பிழையோடு நிற்பதில்லை. நெசவாளரின் பல நாள் உழைப்பு ஓர் ஒட்டுவேலையாகத் தோற்றமளிக்கிறது; விலையைப் பற்றிய மதிப்பீடும் அதற்கேற்ப மாறுகிறது. 'கூடுதல் ஊடை' என்பது துல்லியமான சொல். 'புட்டா நெசவு' என்பது வழக்கிலுள்ள சொல். ஆய்வுரைக்கு முன்னதும் பொதுவாசகருக்குப் பின்னதும் பொருந்தும். கும்பகோணத்தை அடுத்த கோடாலி கருப்பூரில் தஞ்சை மராட்டிய அரசர்க்கென நெய்யப்பட்ட சேலைகளில் இவ்வகைப் பூநெசவும் காளத்தியை ஒத்த வண்ண எழுத்தும் ஒரே துணியில் இணைந்திருந்தன. 1855இல் அவ்வரசு முடிவுக்கு வந்தபின் அக்கலையும் தேய்ந்து மறைந்தது. அதனைப் பற்றி எழுதும் தமிழ் நூல்களும் ஜாம்தானி, கலம்காரி என்னும் இரு பாரசீகச் சொற்களைக் கொண்டே விளக்கவேண்டியுள்ளது.

பொருளின் பெயர் இவ்வாறு அயலதாக இருக்க, கருவியின் பெயர்களோ பழமையானவை. தமிழில் 'தறி' என்பதன் பொருள் வரலாறு நோக்கத்தக்கது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தறி என்பதற்குத் தூண், முளை என்னும் பொருள்களோடு நெசவுக் கருவி என்னும் பொருளையும் தருகிறது. கன்றையும் யானையையும் கட்டும் முளை கட்டுத்தறி. நெசவுப் பொருள் சோழர் காலத்திற்குள் உறுதிப்பட்டுவிட்டதைக் கல்வெட்டுகளில் வரும் தறியிறை என்னும் வரிப்பெயர் காட்டும். அரசு நெசவாளரை எண்ணாமல் தறியை எண்ணி வரி வாங்கியது. முளையைக் குறித்த சொல் எவ்வாறு நெசவுக் கருவியைக் குறித்தது? பாவின் முனையைக் கட்டும் முளையே கருவி முழுமைக்கும் பெயராயிற்று எனக் கொள்வது இயல்பாகப் பொருந்துகிறது. மாயா இடுப்புத் தறியில் நிலத்தோடு நிலைத்து நிற்கும் உறுப்பு அத்தூண் ஒன்றே. ஏனைய கோல்கள் அனைத்தையும் சுருட்டி எடுத்துச் செல்லலாம். ஆயினும், இடுப்புத் தறியே தென்னாட்டின் முதல் தறி என்று இச்சொல் ஒன்றைக் கொண்டு முடிவுகட்டுவது மிகையாகும். பழைய குழித்தறியிலும் பாவின் மறுமுனை கயிற்றால் முளையில் கட்டப்பட்டது. அதுவே இப்பொருள் மாற்றத்திற்குப் போதுமானது. (கம்பன் வீட்டுக் கட்டுத்தறி பற்றிய பழமொழியில் வருவது நெசவுத் தறியே என்று சிலர் விளக்குவதுண்டு. கட்டுத்தறி என்னும் கூட்டுச்சொல்லின் வழக்கு அவ்விளக்கத்திற்கு இடம்தரவில்லை.)

தெலுங்கும் கன்னடமும் இங்கு வேறு வழியில் சென்றன. தெலுங்கில் 'மக்கமு', கன்னடத்தில் 'மக்க'. இரண்டிலும் ககரம் ஒலிப்புடையது. முளையைக் கருவியாக்கிய தமிழின் பொருள் மாற்றம் அவற்றின் நெசவு வழக்கில் இடம்பெறவில்லை. ஆயினும் குழித்தறியைத் தெலுங்கர் 'குண்ட மக்கம்' என்பர்: குழி என்னும் முன்னொட்டு இரு மொழியிலும் ஒன்றே. சொல் வேறாயினும் சொற்றொடரின் அமைப்பு கைமாறியிருப்பதை இது காட்டுகிறது. நாடா தெலுங்கில் நாடெ; கஞ்சி தெலுங்கில் ஒலிப்புடை முதலெழுத்தோடு கஞ்சி; அச்சு இரண்டிலும் அச்சே.

பாவு, ஊடை என்னும் இணையில்தான் வளம் மிகுதி. பாவுதல் என்றால் பரப்புதல். நாற்றுப் பாவுதல், தளம் பாவுதல் என்று இன்றும் வழங்குகிறோம். பரப்பிவைக்கப்பட்ட இழை பாவு. அதன் ஊடே செல்வது ஊடை. கன்னடத்தில் இவ்விணை 'ஹாசு ஹொக்கு'. ஹாசு என்பதும் பரப்புதலே. பழைய பகரம் ஹகரமாயிற்று. ஹொக்கு என்பது 'புகு' என்னும் வினையோடு தொடர்புடையது. எனவே கன்னடர் ஊடையைப் 'புகுந்தது' என்கின்றனர். தமிழர் 'ஊடே செல்வது' என்கின்றனர். சொல் மாறியும் கருத்து மாறவில்லை. தெலுங்கில் இவ்விணை 'படுகு பேக'.

இம்மூன்றும் நெசவுக்கு வெளியே மரபுத்தொடர்களாகவும் வழங்குவதால் மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கன்னடமும் தெலுங்கும் பாவை முதலில் வைக்கின்றன. இந்தியின் 'தானா பானா'வும் அவ்வாறே. வேலை நடக்கும் முறையும் அதுதான். பாவு இன்றி ஊடை இல்லை. தமிழ் வழக்கிலோ 'ஊடும் பாவும்' என்று ஊடு முந்துகிறது. தெலுங்குத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் 'பாவும் ஊடும்' என எழுதினால் பொருள் கெடாது. ஆனால் தமிழ்க் காதுக்கு அது மரபுத்தொடராக ஒலிக்காமல் நெசவுச் செய்தியாக ஒலிக்கும். இதே நுண்மை 'நூல்' என்பதிலும் உண்டு. மேலைமொழிகளில் 'டெக்ஸ்ட்' என்பது நெய்தல் வினையிலிருந்து வந்தது. நன்னூல் பாயிரமோ நூலுக்குப் பெயர்க்காரணம் கூறும்போது சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் மதியைக் கதிராகவும் உருவகிக்கிறது. அது நூற்பு உருவகம். நெசவு உருவகம் அன்று. 'பிரதி நெய்யப்படுகிறது' என்று திறனாய்வில் எழுதுவோர் பலர் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை.

மொழிகள் இவ்வளவு நெருக்கமாகக் கலந்திருக்கும் நிலத்தில்தான் எல்லைக்கோடு வரையப்பட்டது. வடஆர்க்காட்டிலிருந்து முதன்மையாகப் பிரிந்த வட்டங்களைக்கொண்டு 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நகரி, புத்தூர், நாராயணவனம் ஆகிய நெசவூர்கள் ஆந்திரத்தில் நின்றன. அங்குள்ள கைக்கோளர் பலர் வீட்டில் தமிழும் கடையிலும் பள்ளியிலும் தெலுங்கும் பேசுவோர். ஆந்திர அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் அவர்களைக் கரிகால பக்துலு, கைக்கோளன், கைக்கால, செங்குந்தம், செங்குந்தர் என்று ஒரே பதிவில் அடுக்குகிறது. ஒரு குழுவின் இருமொழி வாழ்வை அரசு ஆவணம் ஒன்று இவ்வளவு சுருக்கமாகப் பதிவுசெய்திருப்பது அரிது. தெலுங்கு நெசவாளரின் பெயராகிய சாலெ என்பதும் தமிழ்ச் சாலியர் என்பதோடு உறவுடையது. தெலுங்கில் சிலந்திக்குப் பெயர் 'சாலெபுருகு', நெசவுப்புழு. கன்னடத்திலும் 'ஜேட' என்பது சிலந்தியையும் நெசவாளரையும் குறிக்கும். சிலந்தி சிவனுக்கு வலை பின்னிய கதை வழங்கும் காளத்தியில் இச்சொல் கேட்கப்படுவது பொருத்தமே.

இச்சொற்களைத் திரட்டும் பணியைத் தெலுங்கு முன்பே தொடங்கியது. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 'மாண்டலிக விருத்தி பதகோசம்' என்னும் வட்டாரத் தொழிற்சொல் அகராதி வரிசையில் உழவுத் தொகுதியை 1962இலும் 'சேனேத' என்னும் நெசவுத் தொகுதியை 1971இலும் ஆந்திரப் பிரதேச சாகித்திய அகாதெமி வழி வெளியிட்டார். ஏட்டுச் சொல்லை விடுத்து, தொழில் செய்வோர் வாயிலிருந்து மாவட்டந்தோறும் சொல் திரட்டிய முறையே அதன் சிறப்பு. ஒரே உறுப்புக்குப் பகுதிதோறும் வழங்கும் மாற்றுச் சொற்கள் அதில் அருகருகே நிற்பதால், மொழிபெயர்ப்பாளர் மூலநூலின் வட்டாரத்தையே சொல்லைக் கொண்டு அறியலாம். இத்தகைய திரட்டு நகரி, புத்தூர்ப் பகுதியின் தமிழ்ச் சொற்களுக்கும் வேண்டும். திருத்தணி, காஞ்சிபுரம், ஆரணி ஆகியவற்றோடு ஒப்பிட்டால் எல்லை கடந்த சொல் எது, எல்லையில் நின்ற சொல் எது என்பது விளங்கும்.

காலம் அதற்கு மிகுதியாக இல்லை. நகரியிலும் புத்தூரிலும் ஒலிப்பது இன்று பெரிதும் விசைத்தறி. தெலுங்கில் அதன் பெயர் 'மரமக்கம்'; மர என்றால் இங்கே எந்திரம். இதற்கு எதிர்ச்சொல்லாகத் தமிழ் 'கைத்தறி' என்று கருவியைச் சுட்டுகிறது. தெலுங்கு 'சேனேத' என்று, கை என்னும் பொருளுடைய 'சே'யோடு நெசவு என்னும் செயலைச் சேர்க்கிறது. ஆகவே தெலுங்குத் தொடரில் 'சேனேத' தொழிலைக் குறிக்கும் இடத்தில் 'கைநெசவு' என்பதும், துறை அல்லது கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் வரும் இடத்தில் 'கைத்தறி' என்பதும் தக்க பெயர்ப்புகள் ஆகும். இரும்புச் சட்டத்தில் ஓடும் எந்திரத்தில் பாவைக் கட்ட முளை இல்லை. ஆனால் அதன் பெயரிலும் தறி நிற்கிறது.