ரங்கநாதன் தெருவில் ஒரு ஸ்டூல்

முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில், உதவித்தொகை கைக்கு வந்த மாதங்களில், மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்து தி. நகருக்குப் புடவை எடுக்கப் போவேன். நுழைந்ததும் கடைப்பெண் ஒருத்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா" என்பாள். நான் உட்கார்ந்தபடி இருபது புடவைகளை விரிக்கச் சொல்லி, ஒன்றை எடுத்துக்கொண்டு வருவேன். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அப்படிப் பார்த்ததில்லை என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. 2010இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' வந்தபோது தியேட்டரில் அழுதவர்களில் நானும் ஒருத்தி. அந்த வருடத் தீபாவளிக்கும் அதே தெருவுக்குத்தான் போனேன்.

அந்த ஸ்டூல் அவளுக்கும் உரியது என்று சட்டம் சொல்ல 2021வரை ஆயிற்று. ஏன் அவ்வளவு காலம் என்று கேட்டால், அதே தெருவின் மாடிகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். அதற்கும் முன்னால் வேறொரு இருக்கையைப் பற்றி.

சட்டமன்றத்தில் கிடைக்கும் இடத்தையும் இருக்கை என்றுதான் சொல்கிறோம். 1836இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் சேம்பர் ஆஃப் காமர்ஸ், காலனியச் சட்டசபைக்குத் தன் ஆட்களையே உறுப்பினர்களாக அனுப்பியது. 1920 தேர்தலில் வணிக அமைப்புகளுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் தனி இடங்கள் இருந்தன. பெண்களுக்கு அந்தத் தேர்தலில் ஓட்டே இல்லை. ஓட்டு 1921இல் வந்தது, உறுப்பினராகும் தகுதி 1926இல். பின்னாளில் அடையாற்றில் ஔவை இல்லத்தை வளர்த்தெடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1927இல் உள்ளே போனார், அதுவும் நியமன உறுப்பினராக. வணிகர் அங்கே வணிகராகவே உட்கார்ந்திருந்தார், யார் யாருக்காகப் பேசுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குடியரசு வந்தபின் அந்த இடங்கள் ஒழிந்தன. கோட்டைக்குப் போய்வரும் கார்கள் நிற்கவில்லை.

'லாபி' என்ற சொல்லுக்குத் தமிழில் சரியான சொல் இல்லை என்று மாணவிகள் சொல்வார்கள். செயலுக்கு நம்மிடம் சொற்கள் ஏராளம்: சிபாரிசு, காரியம் சாதிப்பது, கவனிப்பது, 'மேலே பேசியாச்சு'. சட்டத்தில்தான் சொல் இல்லை. அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி லாபிச் செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதனால்தான், 2008இலிருந்து சுமார் 2.5 கோடி டாலரை வால்மார்ட் லாபிக்குச் செலவழித்தது என்பதும், இந்தியச் சந்தைக்குள் நுழைவது அதன் நோக்கங்களில் ஒன்று என்பதும் 2012இல் நமக்குத் தெரியவந்தது. நாடாளுமன்றம் கொதித்தது, விசாரணைக் குழு போட்டார்கள். இங்கே அப்படிக் கணக்குக் கேட்கும் சட்டம் கிடையாது. ஆகவே நம் ஊர் வரலாற்றை எழுதுகிறவள் செலவுக் கணக்கைத் தேட முடியாது. சட்டத்திருத்தங்களின் தேதிகளைத்தான் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும்.

வைத்துப் பார்ப்போம். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113ஆம் பிரிவு, கட்டட விதிகளிலிருந்து விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. 1987 ஜூலையிலிருந்து 1988 ஜனவரிக்குள், ஏழே மாதங்களில், அப்படி 62 ஆணைகள் பிறந்தன. சென்னையின் கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் வழக்குத் தொடுத்தது. காரணமே சொல்லாமல் கொடுத்த விலக்குகள் என்று உச்ச நீதிமன்றம் 2000இல் அவற்றை ரத்து செய்தது. அதற்குள் 1998இலேயே 113-ஏ வந்துவிட்டது: 1999 பிப்ரவரி 28வரை கட்டிய விதிமீறல் கட்டடங்களுக்குப் பணம் கட்டினால் வரன்முறை. ஒரே ஒரு முறைதான் என்று சொல்லப்பட்ட அந்தச் சலுகையின் கெடு 2000, 2001, 2002 என்று மூன்று முறை நீண்டது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகள் செல்லாது என்றது. 2007இல் இடிப்பைத் தடுத்து நிறுத்த அவசரச் சட்டம். 2012இல் 113-சி, இம்முறை கெடு 2007 ஜூலை 1. இதற்கிடையில் ஆட்சிகள் மாறின. மற்ற எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கழகங்கள் இதில் மட்டும் ஒரே கோட்டில் நடந்ததை நான் வியப்போடுதான் படித்தேன்.

2008 செப்டம்பர் 1 அன்று ரங்கநாதன் தெருவின் பெரிய கடையொன்றில் தீப்பிடித்து இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை எரிந்தது. கடை திறக்குமுன் பிடித்த தீ என்பதால் கூட்டம் தப்பியது.

சிறுகடைக்காரரின் பயம் பொய்யல்ல. என் மாமாவே மளிகைக்கடை வைத்திருந்தவர், சீல் என்ற சொல் அவரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கட்டடங்களைக் காப்பாற்றும் வாதத்தில் 'பல்லாயிரம் பேரின் பிழைப்பு' தவறாமல் முன்னிறுத்தப்பட்டது. அந்தப் பல்லாயிரத்தில் திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்து விடுதியில் தங்கி, பன்னிரண்டு மணிநேரம் நிற்கிற பெண்ணும் அடக்கம். அவள் பிழைப்பின் பேரில் கட்டடத்துக்குச் சலுகை கிடைத்தது. அவளுக்கு ஒரு ஸ்டூல் கேட்கும் எண்ணம் யாருக்கும் வரவில்லை.

பிரிட்டனில் 1899லேயே, மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது கடையில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அதே அரசு அப்போது நம்மையும் ஆண்டுகொண்டிருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் உட்காரும் வசதிக்கு ஒரு பிரிவு இருந்தது. 1947ஆம் ஆண்டு மெட்ராஸ் கடைகள் சட்டத்தில் இல்லை. எழுபத்து நான்கு ஆண்டுகள் இல்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் பி. விஜியின் 'பெண்கூட்டு' கழிப்பறை கேட்டுத் தொடங்கிய போராட்டம் இருக்கைக்கு வந்து, 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. அதைப் பார்த்து 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்தில் 22-ஏ பிரிவு வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2019இல், கடைகள் 24 மணிநேரமும் திறந்திருக்கலாம் என்று அரசாணை வந்தாயிற்று. அதாவது இரவு முழுக்கக் கடை திறக்க அனுமதி முதலில், உட்கார அனுமதி பிறகு.

முதலாளிகள் கேட்டதெல்லாம் எப்போதும் நடந்துவிடுவதில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணிநேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் பேரவையில் நிறைவேறியது. முதலீட்டாளர்களின் எதிர்பார்ப்பு என்று அமைச்சர்கள் சொன்னார்கள். இந்தியாவின் ஆலைப் பெண் தொழிலாளர்களில் ஐந்தில் இருவருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். வீட்டு வேலையையும் சேர்த்தால் அவர்களுடைய பன்னிரண்டு மணிநேரம் எங்கே போய் முடியும் என்று பேரவையில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்தார்களோ. கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் எழுந்தன. 24ஆம் தேதி நிறுத்திவைப்பு, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவிப்பு. பத்து நாள். ஆலைக்குச் சங்கம் இருந்தது. ஜவுளிக்கடைப் பெண்களில் பெரும்பாலோர்க்கு இல்லை.

சென்ற ஆடித் தள்ளுபடியின்போது போயிருந்தேன். ஸ்டூல் இருந்தது. அதன்மேல் ரவிக்கைத் துணிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. "நீங்க உக்காரலாமே, சட்டம் இருக்கே" என்றேன். அந்தப் பெண் மேலே கேமராவைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எந்தக் கலர்க்கா?" என்று கேட்டாள்.

வகுப்பில் 22-ஏவைப் படிக்கக் கொடுத்தேன். ஒரு மாணவியின் அம்மா பாண்டி பஜாரில் வேலைபார்க்கிறார். யாரிடம் புகார் கொடுப்பது என்று அவள் கேட்டாள். தொழிலாளர் துறை அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது, பாண்டி பஜாரிலிருந்து நடந்தே போய்விடலாம். அம்மாவுக்கு மாதம் இரண்டு நாள்தான் லீவு. அடுத்தது எப்போது என்று கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.