துரைமாரின் துவக்கும் பணிக்கரின் கயிறும்: இலங்கையில் வேட்டையின் நியாயம் பற்றி

நுவரெலியாவின் பழைய ஆங்கிலேய மயானத்தில் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவரின் கல்லறை இருக்கிறது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமை பார்த்தவர். 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அதற்குள் அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400க்கு மேல். பிறகு கல்லறையிலும் மின்னல் விழுந்ததாக மலைநாட்டில் ஒரு கதை உண்டு. யானை விட்ட சாபம் எண்டு சொல்லுவார்கள்.

மின்னலைத் தீர்ப்பாக வாசிப்பது நமது வேலை அல்ல. ஒருவருடைய கேள்விகணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது. ஆனால் அந்த 1,400 என்ற எண்ணிக்கையை அப்படி விட்டுவிட முடியாது. ஒரு மனிதர் இத்தனை யானைகளை எதற்காகக் கொன்றார்? அதற்கு வேட்டை என்ற பெயர் பொருந்துமா? இந்தக் கேள்விக்கு எங்கட மார்க்க நூல்களிலும், எங்கட சமூக வரலாற்றிலும் விடை தேடலாம். தேடினால் துரைமாரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் வீட்டுக்குப் போக முடியாது என்பதும் தெரியும்.

இறைச்சியுமில்லை, தந்தமுமில்லை

யானை இறைச்சிக்காக ரொஜர்ஸ் சுடவில்லை. தந்தத்துக்காகச் சுட்டார் என்றும் சொல்ல முடியாது. ஆபிரிக்க யானை போலல்ல, இலங்கை யானை. இங்கே பெண் யானைக்குத் தந்தமில்லை. ஆண் யானைகளிலும் கொம்பன் என்று சொல்லத்தக்கவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. ஆகவே சுடப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விழுந்த இடத்திலேயே அழுகின.

ரொஜர்ஸ் தனி ஆள் அல்ல. வீதிகள் அமைத்ததற்காகப் பெயர் பெற்ற மேஜர் ஸ்கின்னரும் நூற்றுக்கணக்கில் சுட்டவர்தான். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் புகழடைந்த சாமுவேல் பேக்கர், 1848இல் நுவரெலியாவில் குடியேறி, எட்டு வருடம் வேட்டையாடி, அதைப் பற்றி இரண்டு நூல்களும் எழுதினார். யானைக்கு ரைபிள், மரைக்கு வேட்டைநாயும் கத்தியும் என்று அவருக்கு ஒரு முறை இருந்தது. அந்த வகுப்பாரிடம் இது ஓர் ஆண்மைப் பரீட்சை, எண்ணிக்கைதான் புள்ளி.

அரசாங்கமும் ஊக்கம் கொடுத்தது. 1845 முதல் 1850 வரை குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் தமது நூலில் கணக்குத் தருகிறார். யானைத் தலைக்குச் சில ஷில்லிங் வெகுமதி. 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்கும் குறைவான காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள். 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் 2,000 யானைகள். முழு இலங்கையிலும் எத்தனை யானை இருந்தது? 2011 கணக்கெடுப்பின்படி 5,879. டெனன்டின் அந்த இரண்டு எண்களைக் கூட்டினாலே கிட்டத்தட்ட அந்தத் தொகை வந்துவிடுகிறது.

பயிரைக் காப்பாற்றத்தானே வெகுமதி கொடுத்தார்கள் என்று கேட்கலாம். அந்த நியாயம் ஓரளவு உண்மை. ஆனால் பயிரில் இறங்கிய யானையை விரட்டுவது வேறு. காட்டுக்குள் போய்த் தேடி எண்ணிக்கைக்குச் சுடுவது வேறு. முன்னையதன் பெயரைச் சொல்லிப் பின்னையது நடந்தது.

காடு வெறிதாகிற பயம் வேட்டைக்காரருக்கே வந்தது. 1894இல் தொடங்கிய இலங்கை வேட்டைப் பிராணிகள் பாதுகாப்புச் சங்கத்தில் முன்னின்றவர்கள் தோட்டத் துரைமாரும் வேட்டைப் பிரியர்களும்தான். 1900இல் யால ஒதுக்கிடமாயிற்று. அதை ஒட்டிய ஒரு பகுதி துவக்குப் பிடிக்கும் கனவான்களுக்காகவே விடப்பட்டது. அனுமதிப் பத்திரத்தோடு பொழுதுபோக்குக்குச் சுடுகிறவர் கனவான். கறிக்காக ஒரு மானைப் பிடிக்கிற கிராமத்தவன் கள்ளன். இந்தத் தலைகீழ் நியாயத்தைக் கவனிக்க வேண்டும். அதே நேரம், இன்றைய வனவிலங்குச் சட்டத்தின் அடிப்படையான 1937ஆம் ஆண்டு 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், 1938இல் வில்பத்துவும் யாலவும் தேசிய பூங்காக்கள் ஆனதும் இந்த வழியில் வந்தவை என்பதையும் மறுக்க முடியாது.

பணிக்கர்மார்

டெனன்ட் வியந்து எழுதிய இன்னொரு கூட்டத்தார் உண்டு. வடக்கு, வடகிழக்கு முஸ்லிம் கிராமங்களைச் சேர்ந்த பணிக்கர்மார். துவக்கு இல்லாமல், எருமைத் தோலிலோ மான் தோலிலோ முறுக்கிய கயிறோடு காட்டுக்குள் போய், யானையின் பின்னங்காலில் சுருக்குப் போட்டு மரத்தில் கட்டிவிடுவார்கள். சுவடு பார்ப்பதிலும் காற்றுத் திசை பார்ப்பதிலும் அவர்களுக்கு நிகர் இல்லை என்பது வெள்ளைக்காரர் பலர் ஒப்புக்கொண்ட விஷயம்.

இந்தத் தொழிலுக்குப் பின்னால் நீண்ட வியாபாரம் ஒன்று இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியில் பிடித்த யானைகள் ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. அந்த இடத்தின் பெயரே அதைச் சொல்கிறது. அங்கே வாங்க வந்தவர்களில் கோல்கொண்டா வியாபாரிகள் முக்கியமானவர்கள்.

ஏறாவூர் உமறுலெவ்வைப் பணிக்கரின் பெயரைக் கிழக்கில் இன்றும் சொல்லுவார்கள். 1925இல் ஏறாவூர்க் காட்டில் அவர் பிடித்த குட்டிகளில் ஒன்றுதான் பின்னர் 1937இல் கண்டி தலதா மாளிகைக்குக் கொடுக்கப்பட்டு, பல தசாப்தங்கள் பெரஹராவில் பேழை சுமந்து, 1988இல் இறந்த ராஜா யானை. ஒரு முஸ்லிம் பிடித்த யானை, நாட்டின் பொக்கிஷம் எனப்பட்டது. இதில் நமக்குப் பெருமை உண்டு, இருக்கட்டும்.

ஆனால் கயிறு துவக்கை விட நல்லது எண்டு சொல்லி அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. பிடிபட்ட யானைகளில் பல, பழக்கி எடுப்பதற்குள்ளேயே செத்துப்போயின. குட்டியைப் பிடிப்பது தாயிடமிருந்து பிரிப்பதுதான். பட்டி வளைத்துக் கூட்டமாகப் பிடிக்கும் முறையில் இது இன்னும் கொடூரம். 1950இல் பனாமுரையில் நடந்த பட்டியில், கூட்டத்தைக் காக்க நின்ற யானை சுட்டுக் கொல்லப்பட்டது, நாடே கொதித்தது, அத்தோடு அந்த வழக்கம் முடிந்தது. பணிக்கரின் தொழிலில் பிழைப்பு இருந்தது, பயன் இருந்தது. துரையின் வேட்டையில் இரண்டும் இல்லை. வித்தியாசம் உண்மையானது, ஆனால் அந்த வித்தியாசம் எல்லாவற்றையும் ஆகுமாக்கிவிடாது.

மார்க்கத்தின் அளவுகோல்

இஸ்லாம் வேட்டையைத் தடுக்கவில்லை. பழக்கிய வேட்டைநாய் பிடித்துத் தருவதை உண்ணலாம் என்று அல்மாஇதா அத்தியாயம் அனுமதிக்கிறது. அதே அத்தியாயம் இஹ்றாமில் இருப்பவருக்குத் தரை வேட்டையைத் தடுத்து, வேண்டுமென்று கொன்றால் பரிகாரமும் விதிக்கிறது. கை எட்டும் தூரத்தில் பிராணி வந்து நிற்கும்போது கையை அடக்கிக்கொள்கிற பயிற்சி இது. பூமியில் உலாவுவனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்கள் என்பது அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனத்தின் கருத்து.

நஸாஈயில் ஒரு ஹதீஸ்: வீணுக்குக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி, பயன் எதற்காகவும் என்னைக் கொல்லவில்லை என்று மறுமையில் அல்லாஹ்விடம் முறையிடும் என்ற கருத்தில் அமைந்தது. அதன் தொடர் பற்றி அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் உயிருள்ள எதையும் எய்து விளையாடும் இலக்காக வைக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தது ஸஹீஹ் முஸ்லிமில் உறுதியாக வந்திருக்கிறது. பயன்படுத்தும் எண்ணமில்லாமல் வேட்டையாடினால் அது ஹறாம், ஓர் உயிரை வீணாக்குவது பூமியில் செய்யும் குழப்பம் என்ற கருத்தை இப்னு ஹஜர் அல்அஸ்கலானி 'பத்ஹுல் பாரி'யில் பதிவுசெய்கிறார்.

நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் யானையின் இறைச்சி ஹறாம். இமாம் நவவி 'மஜ்மூஉ'வில் இதைச் சொல்கிறார். அப்படியானால் யானையைக் கொல்ல ஒரு முஸ்லிமுக்கு உணவு என்ற காரணமே கிடையாது. எஞ்சுவது ஒன்றுதான்: உயிரையோ பயிரையோ தாக்க வருவதைத் தடுப்பது. அதற்கும் ஒழுங்கு உண்டு. பாய்ந்து வருவதை மிக இலேசான வழியால் தடுக்க வேண்டும். சத்தம் போட்டால் போகுமென்றால் அடிக்கக் கூடாது. அடித்தால் போகுமென்றால் கொல்லக் கூடாது. இது நமது மத்றஸாக்களில் ஓதும் 'மின்ஹாஜ்' சொல்லும் சட்டம். இந்த அளவுகோலில் ரொஜர்ஸின் 1,400இல் எத்தனை தேறும்?

முஸ்லிம் மன்னர்களும் இதில் தப்ப மாட்டார்கள். மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், தமது 12ஆம் வயது முதல் 50 வரையான வேட்டைக் கணக்கைத் தமது நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தார். மொத்தம் 28,532, அதில் தம் கையால் கொன்றது 17,167. துரைமாரின் பதிவேட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அதே ஜஹாங்கீர் ஐம்பது வயதுக்குப் பின் தம் கையால் உயிர் கொல்வதை விடுவதாக நேர்ந்துகொண்டதும், அவருடைய தகப்பன் அக்பர் 1578இல் ஒரு பெரிய வளைப்பு வேட்டையை நடுவில் நிறுத்திப் பிராணிகளை விடுவித்ததும் சேர்த்தே சொல்லப்பட வேண்டியவை. கணக்கெழுதிய மனதுக்குள்ளேயே உறுத்தலும் இருந்திருக்கிறது.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இந்த உறுத்தல் புதிதல்ல. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் இருக்கிறது. வேடனிடம் அகப்பட்ட பிணைமான் தன் கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வருவதற்காக, நபியவர்கள் தாமே பிணையாக நிற்கிறார்கள். மான் சொன்ன சொல் தவறாமல் திரும்பி வருகிறது. வேடனின் மனம் மாறுகிறது. இந்தச் சம்பவத்தின் அறிவிப்பைப் பலவீனமானது என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் கருதுவதுண்டு. அது அந்தக் கலையின் விஷயம். நமது முன்னோர் தமது தலைசிறந்த காப்பியத்தில் வேடனின் பக்கத்தையும் மானின் பக்கத்தையும் வைத்து, நபியை மானின் பக்கத்தில் நிறுத்திப் பாடினார்கள் என்பது வரலாறு. அந்தப் படலத்தில் வேடன் இறைச்சிக்காகப் பிடித்தவன். அவனுக்கே இவ்வளவு என்றால், விளையாட்டுக்குச் சுடுகிறவனை என்ன சொல்வது?

கொழும்பிலிருந்து பார்க்கும்போது

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிவீடுகளில் இருக்கிற நமக்கு, யானை என்றால் தெஹிவளை மிருகக்காட்சிசாலையும் பெரஹராவும்தான். சம்மாந்துறை, ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கத்து விவசாயிக்கு அது இரவில் வயலில் நிற்கிற பயம். 2019இல் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 120க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் இறந்தார்கள். விவசாயியின் கஷ்டம் தெரியாமல் கொழும்பிலிருந்து உபதேசம் பண்ணக் கூடாது. ஆனால் தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் ஹக்க பட்டாஸ், வாய் கிழிந்த பிராணியை நாட்கணக்கில் பட்டினி போட்டுக் கொல்கிறது. பன்றிக்கு வைத்ததில் குட்டி யானை அகப்படுகிறது. இலேசான வழியால் தடு என்ற சட்டத்துக்கு இதைவிடத் தூரமானது ஒன்றில்லை. மின்வேலியும் காவல் கொட்டிலும் அரசாங்கத்திடம் நாமும் சேர்ந்து கேட்க வேண்டியவை.

நமது சொந்தப் பங்கு வேறொரு இடத்தில் இருக்கிறது. விடுமுறைக்குப் புத்தளத்துப் பக்கமோ கிழக்குக்கோ போகும்போது "மரை இறைச்சி இருக்கு, மான் இறைச்சி இருக்கு" எண்டு இரகசியமாக வருகிற அழைப்பு. அது தெரிந்தவர் வீட்டு உபசாரமாகவும் வரும். மானும் மரையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அந்த இறைச்சி சுருக்கில் அகப்பட்டதா, கட்டுத்துவக்கில் விழுந்து கிடந்ததா, உயிரோடு எடுத்து அறுத்தார்களா, பிஸ்மி சொன்னது யார் என்று எத்தனை பேர் கேட்கிறோம்? கடையில் கோழி வாங்கும்போது ஹலால் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நாம், காட்டிறைச்சி என்றதும் எதையும் கேட்பதில்லை. ருசிக்காகவும், சாப்பிட்டேன் எண்டு சொல்லிக்கொள்வதற்காகவும் செய்யப்படும் இந்தக் கொலைக்குப் பணம் கொடுப்பது நகரம்தான். துரையிடம் துவக்கு இருந்தது; நம்மிடம் காசு இருக்கிறது. வாங்க ஆளில்லாத காட்டிறைச்சிக்காக எவனும் இரவில் கட்டுத்துவக்கு கட்டப் போவதில்லை.