ஓவலும் வலைப்பந்தாட்ட முற்றமும்

கொழும்பின் விளையாட்டு வரலாறு என்றதும் பொரளை ஓவல்தான் நினைவுக்கு வரும். 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் அது. இன்று பைக்கியசோதி சரவணமுத்துவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1948இல் பிராட்மன் அங்கு ஆடினார். (ஆடுகளம் இரண்டு யார் குறைவாக இருந்ததாம், நம் விளையாட்டு ஆசிரியைகள் விட்டிருப்பார்களா!) 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதல் டெஸ்ட், 1985இல் முதல் டெஸ்ட் வெற்றி, இரண்டும் அங்கேதான்.

பெண்களின் முறை 1998 ஏப்ரலில்தான் வந்தது. கோல்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தானை 309 ஓட்டங்களால் வென்றார்கள். சாமனி செனவிரத்ன ஆட்டமிழக்காமல் 105. அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பின்னும் அடுத்த 25 ஆண்டுகளில் அவர்களுக்கு இன்னொரு டெஸ்ட் கிடைக்கவில்லை. இது நியாயமன்று.

வலைப்பந்தாட்டத்துக்கோ ஓவல் வேண்டியதில்லை. பாடசாலை முற்றமும் இரண்டு வளையங்களும் போதும். 2018இல் ஆசியக் கிண்ணம் வென்ற அணியில் நம் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கமும் இருந்தார்.