அந்தியில் பாதி, இருட்டில் பாதி

1838-இல் பாரிஸ் நகரத்து ஜன்னல் ஒன்றின் வழியே லூயி டகேர் தன் கேமராப் பெட்டியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தார். வண்டியும் ஆளுமாக நெரிந்துகிடந்த நெடுஞ்சாலை அது. பல நிமிடம் வெளிச்சம் குடித்தபின் வெள்ளித் தகட்டில் விழுந்த படத்திலோ ஆள் அரவமே இல்லை. நடந்தவர்கள் எல்லோரும் காற்றில் கரைந்திருந்தார்கள். ஒருவர் மட்டும் தப்பினார். பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள அசையாமல் நின்ற புண்ணியவான்! பட்டப்பகலிலேயே இந்தக் கதி என்றால், விளக்கு வைத்தபிறகு ஒரு ஊரைப் படம் பிடிப்பதாவது?

அரை நூற்றாண்டு ஓடியது. ஜெலட்டின் பூசிய கண்ணாடித் தட்டுகள் வந்து, வெயிலில் ஓடும் குதிரையும் படத்தில் நின்றது. இரவு மட்டும் பிடி கொடுக்கவில்லை. அந்தத் தட்டுகளுக்கு நீல ஒளி நன்றாகத் தெரியும். கேஸ் விளக்கின் மஞ்சள் சரியாகத் தெரியாது. மணிக்கணக்கில் திறந்துவைத்தால் விளக்கின் ஒளி கண்ணாடியின் பின்புறம் வரை போய் மோதித் திரும்பி, விளக்கைச் சுற்றி வெள்ளைப் பூசணிக்காய் போல ஊதிவிடும். அதற்குச் சமையலறையிலிருந்தே ஒரு மருந்து கிடைத்தது. காய்ச்சிக் கருக்கிய சர்க்கரைப் பாகில் செம்மண் சாயம் கலந்து தட்டின் முதுகில் பூசினார்கள். ஒளி திரும்பி வரவில்லை. பூசணி சுருங்கியது. ஆனால் விளக்குக்குப் பின்னால் இருந்த கட்டடங்கள் கரிக்கட்டையாகவே கிடந்தன.

அந்தக் கரியை விலக்கியவர் பிழைப்புப் போன ஒரு கைவினைஞர். பால் மார்ட்டின், 1864-இல் பிரான்ஸில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். பத்திரிகைப் படங்களை மரக்கட்டையில் செதுக்கிக் கொடுப்பது அவர் தொழில். புகைப்படத்தையே நேராக அச்சிடும் ஹாஃப்டோன் முறை வந்ததும் அந்தத் தொழிலின் அடிமடியில் கைவைத்தது. தன் சோற்றில் மண் போட்ட புகைப்படத்தையே மார்ட்டின் கையில் எடுத்தார். பார்சல் போலத் தெரியும் கேமராவைக் கக்கத்தில் இடுக்கி, கடைத்தெரு மக்களை அவர்கள் அறியாமல் பிடித்துப் பழகியவர், 1895 வாக்கில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு தேம்ஸ் கரைக்குப் போனார்.

போன நேரத்தில்தான் சூட்சுமம். முழு இருட்டுக்கு அவர் காத்திருக்கவில்லை. கருக்கல் வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே மூடியைத் திறந்து, கட்டடங்களின் விளிம்பை மட்டும் தட்டில் வாங்கிக்கொண்டு மூடினார். முக்காலியை அசைக்காமல் நின்றார். விளக்குகள் எரிந்து, இருட்டு கூடியபின் அதே தட்டில் மறுபடி திறந்தார். நடுவே குதிரை வண்டி விளக்கோடு வந்தால் படத்தில் வெள்ளைக் கோடு விழும், உடனே மூடி. மழை பெய்தால் இன்னும் யோகம். நனைந்த கல்தளத்தில் ஒவ்வொரு விளக்கும் இரண்டானது. 1896-இல் அந்த லண்டன் இரவுகளுக்கு ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டியின் பதக்கம் கிடைத்தது. இரவுப் படம் என்று ஊரே மெச்சியதில் பாதி, அந்தியிலேயே எடுத்தது!

கடல் கடந்து நியூயார்க்கில் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸும் பனியிலும் மழையிலும் இரவைத் துரத்தினார். ஆனால் இரவையே குடித்தனமாக்கிக்கொண்டவர், புகைப்படம் என்றாலே முகம் சுளித்த ஒரு பத்திரிகைக்காரர்.

டிரான்சில்வேனியாவின் பிராஷோ ஊரில் 1899-இல் பிறந்த ஜூலா ஹலாஸ், 1924-இல் பாரிஸுக்கு வந்தார். இரவெல்லாம் தெருவில் சுற்றுவார். கண்டதைச் சொல்ல எழுத்து போதவில்லை. நண்பர் ஆந்த்ரே கெர்தேஷ் எடுத்த படங்களைப் பார்த்ததும் வீம்பு தளர்ந்தது. ஊர்ப் பெயரையே தன் பெயராக்கி பிராஸாய் ஆனார். எரியும் விளக்கை மரத்துக்கோ தூணுக்கோ பின்னால் ஒளித்துவைத்துப் படமெடுத்தார். மூடுபனி இறங்கினால் கொண்டாட்டம். கடிகாரம் அவருக்குச் சிகரெட். வெளிச்சம் சுமாராக இருந்தால் ஒரு கோலுவாஸ் எரிந்து முடியும்வரை லென்ஸ் திறந்திருக்கும். இருட்டு கனத்தால் அதைவிடத் தடித்த போயார். இப்படிப் புகைந்து பிறந்ததுதான் ‘பாரி த நுய்’ (இரவில் பாரிஸ்) என்ற புகழ்பெற்ற படநூல்.

இத்தனைக்கும் நடுவே ஒரு கேள்வி பாக்கியிருந்தது. சூரியன் மறைந்தபின் தலைக்கு மேல் அவ்வளவு நீலம் எங்கிருந்து வருகிறது? 1953-இல் அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்ட் ஹல்பர்ட் கணக்குப் போட்டுப் பார்த்தார். பகல் நீலத்துக்குச் சொல்லும் ஒளிச்சிதறல் விளக்கத்தை மட்டும் நம்பினால், அந்தி வானம் மஞ்சள் கலந்த சாம்பலாக இருக்க வேண்டும். ஆனால் சாய்ந்து வரும் ஒளி ஓசோன் படலத்தில் நெடுந்தூரம் பயணப்படும்போது, ஆரஞ்சையும் சிவப்பையும் ஓசோன் விழுங்கிவிடுகிறது. மார்ட்டினின் தட்டுக்கு நன்றாகத் தெரிந்த நீலம், ஓசோன் மிச்சம் வைத்த நீலம்.

2018 நவம்பரில் கூகுள் தன் பிக்சல் போன்களில் ‘நைட் சைட்’ என்ற வசதியைத் திறந்துவிட்டது. முக்காலி இல்லை, சிகரெட் இல்லை. பொத்தானைத் தொட்டால், கையில் பிடித்தபடியே பதினைந்து படங்கள் வரை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ஒரே படமாக்கித் தருகிறது. மொட்டை மாடியில் நின்று ஊர் விளக்குகளை எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறவர்கள் கையில் இன்று இருப்பது இந்த வித்தைதான். குதிரை வண்டி வந்தால் மார்ட்டின் மூடியைத் தேட வேண்டியிருந்தது. இங்கே, குறுக்கே ஆட்டோ போனாலும், படங்களைப் பொருத்தும்போது ஒட்டாத பகுதிகளைக் கணக்கே பெரும்பாலும் தள்ளிவிடுகிறது.