வெரின் சொன்ன ஒரு பொய்: மிகுபுனைவு வில்லன்களும் வாசகரின் வழக்காடலும்

ராபர்ட் ஜோர்டானின் 'தி வீல் ஆஃப் டைம்' 1990-இல் தொடங்கி 2013-இல் பதினான்காம் தொகுதியோடு நிறைவுற்றது. ஜோர்டான் 2007-இல் காலமானபின், அவருடைய குறிப்புகளைக் கொண்டு கடைசி 3 தொகுதிகளை பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடித்தார். ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலமெல்லாம் வாசகர்கள் வழக்காடிக்கொண்டே இருந்தார்கள். இருளின் பக்கம் சாய்ந்தவர் யார், எதற்காகச் சாய்ந்தார், யாரோடு மறைவாகக் கைகோத்திருக்கிறார்? இந்த வாதங்களை வெட்டிப்பேச்சென்று திறனாய்வு ஒதுக்கிவிட முடியாது. பிரதியே விதித்த விதிகளைக் கொண்டு பிரதியைச் சோதிக்கும் கறாரான வாசிப்பு அவற்றில் இருக்கிறது.

அந்தப் பயிற்சியைத் தந்தவர் ஜோர்டான்தான். கதையின் ஒவ்வொரு பகுதியும் ஒரே பாத்திரத்தின் பார்வைக்குள் அடங்கி நிற்கும். அந்தப் பாத்திரம் தவறாக நம்பினால் வாசகருக்கும் தவறே கிடைக்கும். மந்திர ஆற்றல் கொண்ட ஐஸ் செடாய் பெண்களோ பொய் பேசுவதில்லை என்ற ஆணைக்குக் கட்டுப்பட்டவர்கள். வாய் திறந்தால் உண்மைதான்; ஆனால் அந்த உண்மையைத் திருப்பிப்போட்டு ஏமாற்றுவதில் கைதேர்ந்தவர்கள். இவர்களோடு பழகிய வாசகர் சொல்லுக்குச் சொல் நிறுத்தி எடைபோடாமல் எப்படி இருப்பார்?

வெரின் விவகாரம் இதற்குச் சிறந்த சான்று. இரண்டாம் தொகுதியில் நாயகனின் தோழர்கள் இருக்கும் இங்டாரின் படையை வந்தடையும் வெரின், மொய்ரேன்தான் தன்னை அனுப்பியதாகச் சொல்கிறார். தான் யாரையும் அனுப்பவில்லை என்று பின்னால் மொய்ரேன் சொல்லிவிடுகிறார். இருவரும் ஐஸ் செடாய். ஒருவர் சொன்னது பொய்யாக இருந்தே தீர வேண்டும். பொய் சொல்ல முடிந்தவர் ஆணையிலிருந்து விடுபட்டவர், ஆகவே இருளுக்கு ஊழியம் செய்யும் கறுப்பு அஜா என்ற மறைகுழுவைச் சேர்ந்தவர் என்று ஒரு தரப்பு வாதிட்டது. நாயகன் ராண்டுக்கு இவ்வளவு துணைநின்றவர் எப்படி எதிரியாக முடியும் என்றது மறுதரப்பு.

2009-இல் 'தி கேதரிங் ஸ்டார்ம்' வந்தபோது இரு தரப்புமே வென்றன. சேர்வதா, சாவதா என்ற நெருக்கடியில் கறுப்பு அஜாவில் சேர்ந்த வெரின், ஏறத்தாழ 70 ஆண்டுகள் உள்ளிருந்தபடியே அவர்களை ஆராய்ந்திருக்கிறார். சாகும் நாழிகை வரை காட்டிக்கொடுக்கமாட்டேன் என்பது அவர் இருளுக்குச் செய்த சத்தியம். எனவே தேநீரில் நஞ்சைக் கலந்து குடித்து, சாவதற்கு முன் கிடைத்த நேரத்தில் எல்லாவற்றையும் கிளர்ச்சி ஐஸ் செடாயின் தலைவியான எக்வீனிடம் ஒப்படைக்கிறார். சத்தியத்தை மீறாமலே அதன் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். ஐஸ் செடாயின் ஆணைகளைச் சொல்லுக்குச் சொல் தோண்டிய வாசகருக்கு இதைவிடப் பொருத்தமான விடை கிடைத்திருக்காது.

மஸ்ரிம் தாயிம் விஷயத்தில் வாசகர் சறுக்கினர். ஆறாம் தொகுதியில் ராண்டிடம் பணிய வரும் இவன்தான் மாறுவேடத்தில் இருக்கும் பழங்கால வில்லன் டெமாண்ட்ரெட் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். பாலைநிலப் போர்க்குடியான அய்ல் மக்களைப் பற்றிப் பழங்கால மனிதனைப்போல் ஏளனமாகப் பேசுகிறான் என்பது அவர்கள் காட்டிய தடயங்களுள் ஒன்று. ஜோர்டானே மறுத்தார். கடைசித் தொகுதியில் டெமாண்ட்ரெட் தொலைதூர ஷாராவின் படையோடு வந்திறங்கினான். ஆனாலும் அந்தக் கோட்பாடு முழுக்க வீணல்ல. ராண்டின் முற்பிறவியான லூஸ் தெரினுக்கு எப்போதும் இரண்டாமவனாக இருந்த பொறாமை டெமாண்ட்ரெட்டை இருளுக்குத் தள்ளியது. மீண்டும் பிறப்பான் என்று முன்னுரைக்கப்பட்ட டிராகன் தானே என்று அறிவித்துத் தோற்று, மெய்யான டிராகனான ராண்டுக்குக் கீழே வேலை பார்க்க நேர்ந்த தாயிமின் புழுக்கமும் அதே வகை. ஆளைத் தவறாக அடையாளம் கண்டவர்கள் நோக்கத்தைச் சரியாகவே கண்டார்கள்.

இருளின் பக்கம் சேர்ந்த பழங்கால வில்லன் அஸ்மோடியனைக் கொன்றது யார் என்ற வழக்கு இவற்றில் மிக நீண்டது, ஆனால் மிக மெலிந்தது. 1993-இல் ஐந்தாம் தொகுதியின் இறுதியில் அவன் ஒரு கதவைத் திறக்கிறான், எதிரே நிற்பவரை அடையாளம் கண்டு திடுக்கிடுகிறான், சாகிறான். 2010-இல் 'டவர்ஸ் ஆஃப் மிட்நைட்' தொகுதியின் பின்னிணைப்பு அருஞ்சொல் பட்டியல் இருள் தரப்பின் மற்றொருத்தியான கிரெண்டலின் பெயரைச் சொன்னதோடு அந்த மர்மம் தீர்ந்தது. வெரினின் கணக்கு அப்படித் தீரக்கூடியதல்ல. உளவுக்காக 70 ஆண்டுகள் இருளின் ஏவல்களைச் செய்தவர் குற்றமற்றவரா என்ற கேள்விக்கு எந்தத் தொகுதியும் தீர்ப்பு எழுதவில்லை.