கரும்பு வயலில் அளப்பவரின் இடம்

கோவையில் தொண்டாமுத்தூருக்குப் போகும் பக்கத்தில், வீரகேரளத்தில் இருக்கிறது கரும்பு இனப்பெருக்க நிறுவனம். ஒரு பொருளில் எந்தப் பண்பு வேண்டும் என்று தீர்மானிப்பவரும், அது வந்திருக்கிறதா என்று அளந்து சொல்பவரும் கைகோத்து வேலை செய்வதை மென்பொருள் காலத்துப் புதுமையாகவே பலர் கருதுகிறார்கள். கோவையின் சரவணம்பட்டி, விளாங்குறிச்சி மென்பொருள் அலுவலகங்களில் அவர்களுக்கு புராடக்ட் மேனேஜர், டேட்டா அனலிஸ்ட் என்று பெயர். கோவையில் அந்தக் கூட்டுவேலை இந்த நிறுவனத்தில் 1912-இலேயே கரும்பில் தொடங்கிவிட்டது. ஆனால், அளப்பவர் வரிசையின் கடைசியிலிருந்து முன்னுக்கு வரப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

வட இந்தியக் கரும்பு அன்று ஒல்லி. குளிரைத் தாங்கும், சாறு குறைவு. தெற்கின் தடித்த கரும்பு இனிக்கும், குளிரில் நிற்காது. இரண்டின் நற்பண்புகளையும் ஒரே கரும்பில் சேர்ப்பதுதான் நிறுவனத்தின் ஆய்வைத் தொடங்கிய சார்லஸ் பார்பர் முன்னிருந்த வேலை. கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும் ஊர் என்பதால் கோவை தேர்வாயிற்று. பார்பரும் சக ஆய்வாளர் டி.எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற தடித்த கரும்பைக் குளிரைத் தாங்கும் காட்டு நாணலோடு கலந்தார்கள். 1918-இல் பஞ்சாபுக்காக வெளிவந்தது கோ 205. பெயரிலுள்ள ‘கோ’ கோயம்புத்தூரைக் குறிக்கும். இந்தக் கட்டத்தில் அளவை கடைசியில்தான் வந்தது: கலந்து, நட்டு, வளர்த்து, பிறகு சர்க்கரைச் சத்தைப் பார்ப்பது.

இந்த வரிசை மாறத் தொடங்கியது 1934-இல். அந்த ஆண்டு ஜானகி அம்மாள் உயிரணு ஆய்வாளராக நிறுவனத்தில் சேர்ந்தார். வெங்கட்ராமன் அப்போது கரும்பைச் சோளத்தோடும் மூங்கிலோடும்கூடக் கலந்து பார்த்துக்கொண்டிருந்தார். முளைத்த நாற்று உண்மையிலேயே கலப்பினம்தானா, தாய்ச்செடி தன் மகரந்தத்திலேயே கருவுற்றதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். குரோமோசோம்களை எண்ணினால் தெரிந்துவிடும். தடித்த கரும்பில் அவை 80. நாணலில் 40 முதல் 128 வரை இடத்துக்கு இடம் மாறும். எதை எதோடு கலப்பது என்ற முதல் கேள்விக்கே இந்த எண்கள் தேவைப்பட்டன.

ரகத்தோடு அதை உருவாக்கியவர் பெயர் ஒட்டிக்கொள்கிறது. எண்ணிச் சொன்னவர் பெயர் ஆய்வறிக்கையோடு நின்றுவிடுகிறது. வெங்கட்ராமனுக்கு ஆங்கிலேயர் காலத்திலேயே சர் பட்டம் கிடைத்தது. ஜானகி அம்மாளுக்குப் பத்மஸ்ரீ வந்தது 1977-இல்தான். வேறு துறைகளில் சிறந்த பணி செய்துவிட்டே அவர் அதைப் பெற்றார் என்றாலும், கோவையில் அவர் செய்த வேலைக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

கோவையில் குரோமோசோம்களை எண்ணத் தொடங்கிய 1930-களில் அமெரிக்காவிலும் அளவையை முன்னுக்குக் கொண்டுவரும் மாற்றம் நடந்தது. 1931 மே மாதம் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் நீல் மெக்எல்ராய் எழுதிய குறிப்பு, ஒவ்வொரு பிராண்டுக்கும் பொறுப்பாளர் வேண்டும், அவர் விற்பனை எண்களை வட்டாரவாரியாக ஆராய வேண்டும் என்றது. இன்றைய புராடக்ட் மேனேஜர் பதவியின் வேரை அங்கேதான் தேடுகிறார்கள். அங்கே ஒரே ஆளிடம் சேர்ந்திருந்த இரு வேலைகளும் கோவையில் அந்தப் பத்தாண்டிலேயே இரு ஆட்களிடம் பிரியத் தொடங்கின.

அளப்பவருக்கு மறுக்கும் அதிகாரம் கிடைத்தது பேரிழப்பின் வழியாக. 1930-களின் கடைசியில் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கிலும் பீகாரிலும் கோ 213 ரகத்தைச் செவ்வழுகல் என்ற பூசண நோய் அழித்தது. விளைச்சலும் இனிப்பும் மட்டும் போதாது என்பது வயலிலேயே தெரிந்தது. இன்று புதிய ரகத்தின் தண்டில் துளையிட்டு, நோய்ப் பூசணத்தை வேண்டுமென்றே செலுத்திப் பார்க்கிறார்கள். எவ்வளவு இனித்தாலும், நோயியலாளர் கூடாது என்றால் ரகம் வெளியாவதில்லை. கலப்பிலிருந்து வெளியீடு வரை பத்தாண்டுக்கு மேல் ஆவதற்கு இந்தச் சோதனைகளும் ஒரு காரணம். அந்தத் தாமதம் அவசியமானது.

அந்தச் சோதனைகளும் முழுக் காவல் இல்லை. பக்ஷி ராம் தலைமையில் நிறுவனத்தின் கர்னால் மண்டல மையம் உருவாக்கி, 2009-இல் வெளியான கோ 0238 உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டியது. ஆலைகளில் சர்க்கரைக் கட்டுமானம் உயர்ந்தது. வெளியீட்டின்போது அது செவ்வழுகலை ஓரளவு தாங்கவும் செய்தது. ஒரே ரகம் அவ்வளவு பரப்பில் நின்றபோது பூசணமும் மாறிக்கொண்டது. பத்தாண்டுக்குள் நோய் திரும்பி வந்தது. இப்போது கோ 0118, கோ 15023 போன்ற ரகங்களுக்கு மாறும்படி விவசாயிகளிடம் சொல்கிறார்கள். வெளியான ரகத்தை வயலில் தொடர்ந்து அளப்பதும் அளப்பவரின் வேலையில் சேர்ந்துவிட்டது.